நம்ம கடைத்தெருவ அழகாக்குறது எப்படி? வடசென்னைக்கு ஒரு முழு வழிகாட்டி (பெயின்ட் கடைசில தான்)

அழகுபடுத்தணும்னு யாராச்சும் முடிவு பண்ணா நம்ம ஊர்ல மொதல்ல வந்து இறங்குறது பெயின்ட் டப்பா தான். செவுத்துல ஒரு மயிலு, ஒரு தாமரை, பரதநாட்டியம் ஆடுற பொண்ணு, ஓரமா ஒரு குறள், அப்புறம் திறப்பு விழா, போட்டோ. ஆறு மாசம் கழிச்சு அதே எடத்துக்கு போய் பாருங்க, மயிலு கழுத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கும், கீழ சாக்கடை வழியும், ஃபுட்பாத் ஃபுல்லா பைக்கு நிக்கும். படம் வரைஞ்சவன் மேல தப்பு இல்ல, வேலைய தலகீழா ஆரம்பிச்சது தான் தப்பு. தெருவுக்கு அழகு கீழேருந்து மேல வரணும்: மொதல்ல மண்ணுக்கு அடியில இருக்குறது, அப்புறம் கால் வைக்கிற எடம், அப்புறம் கடை போடுறவங்க, நிழல், லைட்டு, எல்லாம் முடிஞ்சப்புறம் தான் செவுரு. இந்த வழிகாட்டியும் கிட்டத்தட்ட அதே வரிசையில தான் போகும், கடை போடுறவங்க பேச்ச மட்டும் முன்னாடியே எடுத்துக்குறேன்.

வடசென்னைய வெச்சு ஏன் பேசுறேன்னா, இங்க ஒவ்வொரு பேட்டையும் தனி ஊரு மாதிரி தான். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்கு போனா கல்யாணத்துணி மொத்தமும் எடுத்துடலாம், தி.நகர் போகவே வேணாம். ராயபுரம் கல்மண்டபம், திருவொற்றியூர் தேரடி, பெரம்பூர், எல்லாத்துக்கும் சொந்தமா ஒரு கடைத்தெரு, சொந்தமா ஒரு கூட்டம். 2021 பிப்ரவரியில மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்ததுக்கப்புறம் ஸ்டேஷன்லேருந்து நடந்து வர்ற ஆளுங்களும் சேர்ந்துட்டாங்க. 2023 பட்ஜெட்ல வடசென்னை வளர்ச்சி திட்டத்துக்கு மூணு வருஷத்துக்கு 1000 கோடின்னு அறிவிச்சாங்க, அதுக்கப்புறம் தொகை இன்னும் ஏறிடுச்சு. ஆக, காசு வர்ற நேரம் இது, என்ன கேக்கணும்னு நமக்கு தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா மறுபடி மயிலு தான் வரும்.

1. ஒரே ஒரு தெரு, அதுவும் அரை கிலோமீட்டருக்குள்ள

மொத்த ஏரியாவையும் எடுக்காதீங்க. முன்னூறு நானூறு மீட்டர் போதும், ஒரு முனையில பஸ் ஸ்டாண்டோ மெட்ரோவோ மார்க்கெட்டோ இருக்குற மாதிரி பாத்துக்கோங்க. ஏன்னா அங்க ஏற்கெனவே ஆளு நடக்குது, ஆளே நடக்காத தெருவுல எவ்ளோ அழகு பண்ணாலும் அது பார்க்கிங்கா தான் மாறும்.

அப்புறம் டேப் எடுத்துட்டு நடங்க. ஒரு நாள் காலைல, ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு, ஒரு நாள் கடை சாத்துனப்புறம், முடிஞ்சா ஒரு முகூர்த்த நாளோ தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கெழமையோ. என்ன எழுதணும்? ஒரு பக்க கட்டடத்துலேருந்து எதிர் பக்க கட்டடம் வரைக்கும் எத்தன மீட்டர், அதுல வண்டி போற எடம் எவ்ளோ, நடக்க மிஞ்சுறது எவ்ளோ. ஈ.பி. பில்லர் பாக்ஸ் (தெருவோரமா நிக்குற கரண்ட் பெட்டி) எங்கெங்க நிக்குது, மேன்ஹோல் எங்க, டிரான்ஸ்ஃபார்மர் எங்க, எந்தக் கடை படி எவ்ளோ தூரம் வெளிய வந்திருக்கு. எந்த எடத்துல ஆளுங்க ஃபுட்பாத்த விட்டு ரோட்டுக்கு எறங்குறாங்கன்னு தனியா ஒரு குறி போடுங்க, அந்தக் குறி தான் உங்க உண்மையான ப்ளான். நீங்களே பாப்பீங்க, பில்லர் பாக்ஸ் ஃபுட்பாத் நடுவுல நிக்கும், அதுக்கும் கடை படிக்கும் நடுவுல ஒரு ஆளு ஒருக்களிச்சு போற சந்து, அந்த சந்துல ஒரு தண்ணி கேன் அடுக்கி இருக்கும், கையில கொழந்தையோட வர்ற அம்மா அங்க தான் ரோட்டுக்கு எறங்குவாங்க, அதே எடத்துல தான் ஷேர் ஆட்டோ நிக்கும். இதுக்கு எந்த ஓவியமும் மருந்து இல்ல, அந்த பாக்ஸ ரெண்டடி தள்ளி வெக்குறது தான் மருந்து.

2. தெரு யாரோடது?

இத தெரிஞ்சுக்காம மனு எழுதுனா மனு சுத்திக்கிட்டே இருக்கும். பஸ் போற ரோடுன்னா மாநகராட்சியில பேருந்து சாலைகள் துறை பாக்கும், உள்தெருன்னா மண்டல ஆபீஸ் (தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5, திருவொற்றியூர் 1, திரு.வி.க. நகர் 6), சில பெரிய ரோடு நெடுஞ்சாலைத்துறை கைல இருக்கும். மழைநீர் வடிகால் மாநகராட்சி, கழிவுநீரும் குடிநீரும் மெட்ரோ வாட்டர், பில்லர் பாக்ஸ் மின்வாரியம், ஒன்வே மாத்தணும்னா டிராபிக் போலீஸ். கேபிள் டிவி, இன்டர்நெட் ஒயரு எல்லாம் தனித்தனி ஆளு. இத்தன பேரும் ஒரே மேஜையில உக்காந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. உக்கார வெக்க உங்க கையில இருக்குற வழி கவுன்சிலர், வார்டு கமிட்டி, ஏரியா சபை (வார்டுக்குள்ள ஏரியா ஏரியாவா நடக்குற மக்கள் கூட்டம்). ஏரியா சபையில வாயால சொல்லாதீங்க, அளந்த பேப்பரும் போட்டோவும் வெச்சு எழுதி குடுத்து தீர்மானத்துல ஏத்த சொல்லுங்க.

கையில வெச்சுக்க ஒரு ஆயுதம்: சென்னை மாநகராட்சி 2014லயே மோட்டார் இல்லா போக்குவரத்துக்குன்னு ஒரு கொள்கை ஏத்துக்கிச்சு, போக்குவரத்துக்கு ஒதுக்குற காசுல குறைஞ்சது 60 சதவீதம் நடக்குறவங்களுக்கும் சைக்கிளுக்கும் போகணும்னு அதுல இருக்கு. மனுவுல இத ஒரு வரி போட்டு பாருங்க.

3. கடை போடுறவங்கள தூக்காதீங்க

இந்தப் பகுதிய மட்டும் நிதானமா படிங்க. அழகுபடுத்துறதுன்னாலே இங்க நெறைய பேருக்கு தள்ளுவண்டிய தூக்குறது தான் ஞாபகம் வரும். டேப்ப பாத்தாலே பூக்கார அக்கா கேப்பாங்க, “எத்தினி வாட்டி தம்பி அளப்பீங்க, கடைசில எங்கள தான தூக்குவீங்க?” அந்தக் கேள்விக்கு பதில் இல்லாம அடுத்த வேலைக்கு போகாதீங்க.

பதில் சட்டத்துலயே இருக்கு. தெரு வியாபாரிகள் சட்டம் 2014. கணக்கெடுப்பு முடிஞ்சு, வியாபார சான்றிதழ் குடுக்குற வரைக்கும் யாரையும் எடத்த விட்டு காலி பண்ணக் கூடாது. எடம் மாத்தணும்னா 30 நாள் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். நகர விற்பனைக் குழுன்னு ஒண்ணு இருக்கு, அதுல குறைஞ்சது 40 சதவீதம் வியாபாரிங்களோட பிரதிநிதிங்க, அதுலயும் மூணுல ஒரு பங்கு பொம்பளைங்க. எந்தத் தெருவுல கடை போடலாம், எதுல கூடாதுன்னு பிரிக்குற பேச்சு நடக்க வேண்டிய எடம் அந்தக் குழு.

சட்டத்த விடுங்க, வடிவமைப்பா பாத்தாலும் தெருவுல கண்ணுக்கு அழகா இருக்குறதே அவங்க தான். சுங்குடி புடவை குவியல், மல்லிப்பூ கூடை, பொட்டு அட்டை, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஏறுற சுண்டல் வண்டி, இதெல்லாம் எடுத்துட்டு கிரானைட் பெஞ்சு போட்டா அது ஏர்போர்ட் மாதிரி தான் இருக்கும். செய்ய வேண்டியது என்னன்னா, நடக்குற பாதைய மொதல்ல ஒதுக்கிட்டு, அதுக்கும் வண்டி ஓடுற ரோட்டுக்கும் நடுவுல ஒரு பட்டை எடம் விடுங்க. மரம், லைட் கம்பம், பில்லர் பாக்ஸ், பைக் பார்க்கிங், தள்ளுவண்டி எல்லாம் அந்தப் பட்டைக்குள்ள. தரையில வேற கலர் கல்லு பதிச்சு ஒவ்வொரு கடைக்கும் கட்டம் போட்டு நம்பர் குடுங்க. அந்தக் கட்டத்துக்கு பக்கத்துல ஒரு கரண்ட் பாயின்ட், ஒரு தண்ணி குழா, ஒரு குப்பைத்தொட்டி. ராத்திரி மூட்டை வெக்க சின்னதா ஒரு எடம் கெடைச்சா இன்னும் நல்லது. கடை முதலாளிங்களுக்கும் தள்ளுவண்டிக்காரங்களுக்கும் எப்பவும் ஒரு புகைச்சல் இருக்கும், அத சங்கத்துல உக்காந்து ஒவ்வொரு கட்டமா பேசி தான் தீக்கணும், குறுக்கு வழி கெடையாது.

4. மண்ணுக்கு அடியில

ஒருத்தரும் ரிப்பன் வெட்டாத வேலை இது. ஆனா இத விட்டுட்டு மேல எது பண்ணாலும் வீண். புதுசா கல்லு பதிச்ச மறுமாசமே ஒயரு போட தோண்டுவாங்க, தோண்டுனவங்க கல்ல திருப்பி வெக்க மாட்டாங்க, மண்ண தள்ளிட்டு போய்டுவாங்க. பெங்களூர்ல டெண்டர்ஷ்யூர்னு பண்ண ரோடுங்கள பாருங்க, குடிநீர், கழிவு, கரண்டு, கேபிள் எல்லாத்துக்கும் ஃபுட்பாத்துக்கு அடியில குழாய் வழி போட்டுட்டு, அப்புறம் தான் மேல கை வெச்சாங்க. நீங்க கேக்க வேண்டியது அது தான்: தோண்டாம ஒயரு இழுக்குற மாதிரி காலி குழாய், அங்கங்க திறக்குற சேம்பர், நாளைக்கு வரப்போற கம்பெனிக்கு சேத்து ரெண்டு குழாய் எக்ஸ்ட்ரா.

அடுத்தது ரோட்டு ஒசரம். வடசென்னை பழைய வீடுங்கள்ல வாசப்படி ஏன் ரோட்டுக்கு கீழ கெடக்கு? பழைய தாரு மேலயே புது தாரு, அதுக்கு மேல இன்னொண்ணு. புது ரோடு போடும்போது பழசை சுரண்டி எடுத்துட்டு தான் போடணும், மில்லிங்னு சொல்வாங்க, அத வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுத்துல கேளுங்க. போட்டு முடிச்சப்புறம் கத்தி பிரயோஜனம் இல்ல. மழைத்தண்ணி போற ஓட்டை ரோட்டு மட்டத்துக்கு மேல இருக்கான்னும் பாருங்க, நெறைய எடத்துல இருக்கும், தண்ணி என்ன ஏணி வெச்சா ஏறும்?

5. கால் வைக்கிற எடம்

ஃபுட்பாத்துக்கு இந்திய சாலைக் காங்கிரஸோட கணக்கு (ஐ.ஆர்.சி. 103, 2012) இருக்கு. குடியிருப்பு தெருவுல தடையே இல்லாம நடக்க குறைஞ்சது 1.8 மீட்டர், கடைத்தெருவுல 2.5 மீட்டர். ஒசரம் 15 சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது. நம்மூர்ல ஒரு அடி ஒசரத்துக்கு கட்டிடறாங்க, முட்டி வலி இருக்குற பாட்டி எப்படி ஏறும், ரோட்ல தான் நடக்கும். ஒரு மீட்டருக்கு ரெண்டு சென்டிமீட்டர் சரிவு வெச்சா தண்ணி நிக்காது. கல்லு சொரசொரப்பா இருக்கட்டும், பளபள டைல்ஸ் வேணாம், நவம்பர் மழையில வழுக்கி விழுறவங்க திட்டுறது கான்ட்ராக்டருக்கு கேக்காது, பக்கத்து கடைக்காரருக்கு தான் கேக்கும். சந்து வந்து சேர்ற எடத்துல ஃபுட்பாத்த ஏத்தி எறக்காதீங்க, அதே மட்டத்துல விடுங்க, வண்டி ஏறி எறங்கி போகட்டும்.

பொல்லார்ட் கம்பம், அதான் வண்டி ஏறாம இருக்க ஃபுட்பாத்துல நடுற குட்டை கம்பம், அத பத்தி ஒரு வார்த்தை. வீல்சேர் போற அளவு இடைவெளி விட்டா பைக்கும் அதுல போகும், இது எல்லா ஊர்லயும் உள்ள தலைவலி. பைக்கு நிறுத்த அளவா எடம் குடுத்து, காசு வாங்கி, ஆள் போட்டா தான் ஃபுட்பாத்துல பைக்கு ஏறுறது நிக்கும். 2019ல பாண்டி பஜார்ல நடைபாதை வளாகம் திறந்தாங்கல்ல, அங்க ஃபுட்பாத் அகலமானதோட பார்க்கிங்கையும் சேத்து தான் ஒழுங்குபடுத்த வேண்டி வந்துச்சு.

6. நிழல், வெளிச்சம், போர்டு

மே மாசம் எம்.சி. ரோட்ல மத்தியானம் நடந்தவங்களுக்கு மரத்த பத்தி சொல்லத் தேவையில்ல. 2016 டிசம்பர் வர்தா புயல்ல சாய்ஞ்ச மரங்கள நெனச்சு பாத்து செடி வாங்குங்க. வேம்பு, புங்கை, பூவரசு வைங்க. கடலுக்கு கிட்ட இருக்குற ராயபுரம், காசிமேடு பக்கம் உப்புக் காத்துக்கு புன்னையும் பூவரசும் தாங்கும். அடிமரத்த சுத்தி குறைஞ்சது ஒரு மீட்டராச்சும் சிமென்ட் இல்லாம விடுங்க, கழுத்து வரைக்கும் கான்கிரீட் போட்டுட்டு மரம் விழுந்துருச்சேன்னு அழுவக் கூடாது.

லைட்டு: ரோட்டுக்கு போடுற ஒசர கம்பம் வண்டிக்கு தான். நடக்குறவங்களுக்கு நாலு மீட்டர் ஒசரத்துல, மஞ்சள் கலந்த வெளிச்சம் தனியா வேணும், துணி கலரும் மனுஷன் மொகமும் அதுல தான் சரியா தெரியும். கடை போர்டெல்லாம் ஒரே கலர்ல ஒரே எழுத்துல மாத்தச் சொல்ற ஐடியா எனக்கு புடிக்காது, தெருவுக்கு தெரு அது ஆபீஸ் மாதிரி ஆயிடும். ஒசரமும் வெளிய நீட்டுற அளவும் மட்டும் ஒத்துப்போனா போதும்.

7. மொதல்ல வெள்ளோட்டம்

கோடி ரூபா கான்கிரீட்டுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழமை சுண்ணாம்பு கோடு, கோன், கயிறு, நாலு பிளாஸ்டிக் சேர் வெச்சு பாருங்க. போலீஸ் அனுமதி வாங்கிட்டு தான். ஃபுட்பாத் அகலமானா வியாபாரம் போயிடும்னு பயப்படுற முதலாளிங்கள அன்னிக்கு கல்லாவுல எவ்ளோன்னு கேளுங்க. சரக்கு லாரி எப்ப வரும், ஆம்புலன்ஸ் எப்படி திரும்பும், ஆட்டோ எங்க நிக்கும், இதெல்லாம் அன்னிக்கே தெரிஞ்சிடும். ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கம் இருக்குற தெருன்னா ஆம்புலன்ஸ் வழிய தான் மொதல்ல பாக்கணும், அதுல பேரமே கெடையாது.

8. இப்ப பெயின்ட் டப்பாவ தொறங்க

என்ன வரையறது? மயிலு வேணாம்னு ஏற்கெனவே சொல்லிட்டேன். இந்த மண்ணுல கதை என்ன கொறைச்சலா? 1856ல தென்னிந்தியாவோட மொத ரயிலு ராயபுரத்துலேருந்து வாலாஜா ரோட்டுக்கு கெளம்புச்சு, அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்னிக்கும் நிக்குது. 1918ல பெரம்பூர் மில்லு தொழிலாளிங்கள வெச்சு மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சாங்க, இந்தியாவுல ஒழுங்கா அமைச்ச மொத தொழிற்சங்கம் அது. துணி வெளுத்தவங்களால தான் வண்ணாரப்பேட்டைக்கே பேரு. பழைய ஜெயில் ரோட்ல கருப்பர் நகரத்து (பிரிட்டிஷ் காலத்துல ‘பிளாக் டவுன்’) கோட்டைச் செவுரு மிச்சம் கெடக்கு. ஏழுகிணறு, காசிமேட்டு படகு, குத்துச்சண்டை, கானா, கேரம். 2024ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் அடிச்ச காசிமா நம்ம புது வண்ணாரப்பேட்டை பொண்ணு. யார் மொகத்த வரைஞ்சாலும் அவங்ககிட்ட கேட்டுட்டு வரைங்க, கேக்காம வரைஞ்சா அது மரியாதை இல்ல.

ஊருக்கு வெளிய மக்கள குடியேத்துன கண்ணகி நகர்ல 2020 வாக்குல ஸ்டார்ட் இந்தியாங்குற (St+art) தெரு ஓவிய அமைப்புக்காரங்க பெரிய பெரிய செவுத்துல வரைஞ்சப்போ நல்லா பேசப்பட்டுச்சு, அங்க இருக்குற சாதாரண மக்களோட மொகமே அவ்ளோ பெருசா செவுத்துல நின்னா அதுக்கு ஒரு கெத்து இருக்கத்தான் செய்யும். ஆனா பஸ்ஸும் குடிதண்ணியும் பெயின்ட்ல வராது, அத தனியா தான் கேக்கணும்.

யார் வரையறது? டிஜிட்டல் பேனர் வந்ததுல வேலை போன போர்டு ஆர்ட்டிஸ்டுங்க இங்க தெருவுக்கு ஒருத்தர் இருப்பாங்க. ஓவியக் கல்லூரி பசங்களோட அவங்களையும் சேருங்க, எழுத்துல அவங்கள அடிச்சுக்க ஆளே கெடையாது. எல்லாருக்கும் கூலி குடுங்க. “எக்ஸ்போஷர் கெடைக்கும்”னு சொல்லி சும்மா வரைய சொல்றத நிறுத்துங்க.

செவுரு தயார் பண்றது தான் முக்கியம், படம் நிக்குறதும் உரியறதும் இதுல தான் இருக்கு. பழைய செவுத்துல ஒரு ரூபா காசு வெச்சு சொரண்டுங்க, பவுடரா கொட்டுனா அது சுண்ணாம்பு, முழுசா சொரண்டி எடுக்காம மேல எது அடிச்சாலும் பாளம் பாளமா வரும். அப்புறம் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் ஷீட்ட நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிட்டு ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் வேர்த்திருந்தா செவுத்துல ஈரம் இருக்கு, எங்கேருந்து ஏறுதுன்னு கண்டுபுடிச்சு அடைச்சுட்டு தான் பெயின்ட். புது பூச்சுன்னா 28 நாளாவது ஆறட்டும். கடலோரத்துல செவுரு மேல உப்பு படிஞ்சிருக்கும், நல்ல தண்ணில கழுவி காய விடுங்க. அப்புறம் எக்ஸ்டீரியர் ப்ரைமர், மேல எக்ஸ்டீரியர் அக்ரிலிக் எமல்ஷன். எனாமல் பளபளன்னு இருக்கும், ஆனா செவுத்துல காத்து போக விடாது, கொப்பளிச்சிடும்.

கணக்கு: 40 அடி நீளம், 10 அடி ஒசரம்னா 400 சதுர அடி. ரெண்டு கோட் அடிக்க லிட்டருக்கு சுமாரா 50 சதுர அடி வெச்சா அடிக்கலருக்கே எட்டு லிட்டர் ஆகும், படத்துக்கு வேண்டிய கலரெல்லாம் தனி. ஸ்கெட்ச்ச கட்டம் போட்டு செவுத்துல சாக் நூல் அடிச்சு பெருசு பண்ணுங்க, ப்ரொஜெக்டர் இருந்தா ராத்திரி அடிச்சு கோடு இழுத்துக்கலாம். சாரம் கட்டுறவர் சவுக்கு கம்புல கட்டுவாரு, மேல ஏறுறவங்களுக்கு பெல்ட்டு, ஹெல்மெட் கட்டாயம். அக்டோபர்லேருந்து டிசம்பர் வரைக்கும் கையே வெக்காதீங்க, ஜனவரி முடிஞ்சு மார்ச்சுக்குள்ள முடிங்க.

செவுத்து சொந்தக்காரர்கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க, அரசு செவுருன்னா அந்தத் துறைகிட்ட. பொது எடத்த அலங்கோலம் பண்றத தடுக்க தமிழ்நாட்ல 1959லயே சட்டம் இருக்கு, அனுமதி இல்லாம நீங்க வரைஞ்சா உங்களையும் அதுல மாட்டி விட முடியும். போஸ்டர் ஒட்டுறவங்களுக்கு தனியா ஒரு பலகை அடிச்சு குடுத்துடுங்க, சாவு செய்தியும் காதுகுத்தும் தெருவுக்கு தெரியணும்ல, எங்கயும் ஒட்டாதன்னா செவுத்துல தான் ஒட்டுவாங்க. அதே மாதிரி ஒண்ணுக்கு போற செவுத்துல சாமி டைல்ஸ் ஒட்டுறத விட நூறு அடியில ஒரு சுத்தமான கழிப்பறை, ஒரு லைட்டு வெச்சா வேலை முடிஞ்சிடும். சாமியையும் காவலுக்கு நிக்க வெக்க வேணாம்.

9. காசும் காவலும்

எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, கவுன்சிலருக்கும் வார்டு நிதி இருக்கு, கம்பெனிங்க சி.எஸ்.ஆர். (சமூக வேலைக்குன்னு ஒதுக்குற காசு) தரும், நமக்கு நாமே திட்டத்துல நாம ஒரு பங்கு போட்டா மீதி அரசு போடும். எதுல வாங்குனாலும் பராமரிப்புக்கு தனியா ஒதுக்குங்க. கான்ட்ராக்ட்லயே மூணு வருஷ பராமரிப்ப சேத்து எழுத சொல்லுங்க, கல்லு பேந்தா யார் வரணும், எத்தன நாளுக்குள்ளன்னு. செடிக்கு தண்ணி ஊத்துற ஆளு பேரும் அதுல வரணும், மொத ரெண்டு வெயிலு தாண்டுனா மரம் தானா நின்னுக்கும். ஸ்பான்சர் கம்பெனியோட லோகோ ஓவியத்த விட பெருசா இருக்கக் கூடாதுன்னும் ஒரு வரி சேத்துக்கோங்க, இல்லன்னா மொத்த செவுரும் விளம்பரமா போயிடும்.

சங்கத்துலேருந்து ஒருத்தர் மாசத்துக்கு ஒரு வாட்டி தெருவ நடந்து பாத்து உடைஞ்சது, எரியாத லைட்டு, அடைச்ச வடிகால் எல்லாம் போட்டோ எடுத்து மாநகராட்சி புகார் நம்பர் 1913க்கோ நம்ம சென்னை ஆப்லயோ போடட்டும், புகார் நம்பர ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கட்டும். அடுத்த ஏரியா சபைக்கு அந்த நோட்டோட போங்க. ஓவியத்துல கீழ மூணு அடி தான் சீக்கிரம் போகும், முதுகு சாயும், பைக்கு உரசும், அதனால மீந்த பெயின்ட்ட தூக்கிப் போடாம டப்பா மூடியில ஷேட் நம்பர மார்க்கர்ல எழுதி எதாச்சும் ஒரு கடை பரண்ல வெச்சிடுங்க, வருஷத்துக்கு ஒரு வாட்டி பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதையும் ஒரு கை தொட்டு விட்டுடலாம்.